நாய்க்கு ஜெர்க்கி: வாங்குவதும் வீட்டில் செய்வதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வேலூர் சத்துவாச்சாரியில் நாய் வளர்க்கிற நாலு பேர் காலையில் ஒன்றாக நின்றால் பேச்சு எப்படியும் தீனியில்தான் வந்து நிற்கும். நான் வீட்டிலேயே ஜெர்க்கி போடுகிறேன் என்று தெரிந்த பிறகு காட்பாடி, பாகாயம், குடியாத்தம் என்று எங்கெங்கிருந்தோ போன் வருகிறது. ஆள் மாறுகிறார்களே தவிர சந்தேகம் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. உடம்பு சரியில்லாத நாய் என்றால் முதலில் டாக்டர், அப்புறம் இந்தப் பக்கம்.

ஜெர்க்கின்னா என்னங்க? கருவாடு மாதிரியா?

கிட்டத்தட்ட அப்படித்தான். கொழுப்பில்லாத கறியை மெல்லிய பட்டையாக நறுக்கி, ஈரம் போகக் காய வைத்தது ஜெர்க்கி. நம் வீட்டு உப்புக்கண்டத்துக்குப் பங்காளி முறை. மனுஷர் தின்கிற ஜெர்க்கியில் உப்பு, மிளகு, சாஸ் எல்லாம் இருக்கும். நாய்க்குப் போடுவதில் கறியைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

ஒரு கிலோ பச்சைக் கறி காய்ந்து முடிந்தால் 250 முதல் 300 கிராம்தான் மிஞ்சும். இந்தக் கணக்கை மனதில் வையுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

அப்போ வீட்ல இருக்கிற உப்புக்கண்டத்துலயே ஒரு துண்டு போட்டா போச்சு, இல்லையா?

கூடாது. அதில் உப்பு அள்ளிப் போட்டிருக்கும், மிளகாய் இருக்கும், பெரும்பாலான வீடுகளில் பூண்டும் அரைத்துப் பூசியிருப்பார்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தில் சிவப்பணுக்களை உடைக்கும். பச்சையாகத் தின்றாலும் வேக வைத்துத் தின்றாலும் காய வைத்துத் தின்றாலும் அதே கேடுதான். காய்ந்த பூண்டு இன்னும் மோசம், ஏனென்றால் கொஞ்சத்திலேயே நிறைய இருக்கும்.

கருவாடும் அப்படியே. ஊற வைத்துக் கழுவினால் உப்பு குறையும், முழுக்கப் போகாது. மீன்தான் கொடுக்க வேண்டும் என்றால் பச்சை நெத்திலி வாங்கி, கீழே சொல்லியிருக்கிற முறையில் உப்பில்லாமல் காய வையுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை துண்டு கொடுக்கலாம்?

நாய் ஒரு நாளில் சாப்பிடுகிற மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நொறுக்குத் தீனி போகக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. துண்டுக் கணக்கு உதவாது, ஒவ்வொருவர் நறுக்குவதும் ஒவ்வொரு அளவு. எடை போடுங்கள். காய்ந்த கோழிக்கறி 100 கிராமில் ஏறக்குறைய 400 கலோரி இருக்கும். பத்து கிலோ எடையுள்ள, ஓரளவு ஓடியாடுகிற நாய்க்கு ஒரு நாளைக்கு 600 கலோரிக்குக் கொஞ்சம் மேல் தேவை. அதில் பத்தில் ஒன்று என்றால் 15 கிராம் ஜெர்க்கி. முப்பது கிலோ லாப்ரடாருக்கு 35 கிராம். ஐந்து கிலோ பொமரேனியனுக்கு 9 கிராம், அவ்வளவுதான்.

15 கிராம் என்பது பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி தெரியும். ஆனால் அது 50 கிராமுக்கு மேல் பச்சைக் கறி. நாலு பேர் இருக்கிற வீட்டில் ஆளுக்கு ஒரு துண்டு நீட்டினால் கணக்கு எங்கோ போய்விடும். காலையிலேயே அன்றைக்கானதை ஒரு டப்பாவில் எடுத்து வையுங்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். இதெல்லாம் மேல்வரம்பு, தினமும் எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்கு இல்லை.

கடையில வாங்கும்போது பாக்கெட்ல எதைப் பார்க்கணும்?

முன்பக்கம் இருக்கிற நாய்ப் படத்தையும் பச்சைப் புல்வெளியையும் விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். சேர்மானப் பட்டியல் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. 'கோழி மார்புக்கறி' என்று ஒரே வரி இருந்தால் முதல் மார்க். மாவு, சர்க்கரை, கிளிசரின், 'மாமிச உபபொருள்' என்று நீண்டுகொண்டே போனால் அது ஜெர்க்கி வடிவத்தில் அச்சடித்த பிஸ்கட். ரப்பர் மாதிரி வளைகிற, மினுமினுப்பான பட்டைகள் பெரும்பாலும் கிளிசரினால் அப்படி இருப்பவை. சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் கையாலும் தொடாதீர்கள், நாய்க்கு அது கொடிய விஷம்.

அடுத்து விலைக் கணக்கு. நான் எல்லாரிடமும் சொல்வது இதுதான். இன்றைக்குக் கறிக்கடையில் போன்லெஸ் கிலோ என்ன விலையோ, அதை நாலால் பெருக்குங்கள். ஒரு கிலோ சுத்தமான ஜெர்க்கிக்குக் கறி மட்டுமே அவ்வளவு ஆகும். கரண்ட், கூலி, பாக்கெட், கடைக்காரர் லாபம் எல்லாம் அதற்கு மேல். 'நூறு சதவீதம் சிக்கன்' என்று போட்டுவிட்டு அதைவிட மலிவாக விற்கிறார்கள் என்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது.

உணவுப் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்றும் சிலர் கேட்கிறார்கள். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 'உணவு' என்ற வரையறையிலிருந்து விலங்குத் தீவனத்தை விலக்கி வைத்திருக்கிறது. அதனால் அந்த முத்திரையை மட்டும் நம்பி நாய்த் தீனி வாங்குவதில் அர்த்தமில்லை. தயாரித்தவர் முகவரி, தயாரித்த தேதி, எந்த நாட்டுச் சரக்கு என்ற விவரம் மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். பாக்கெட்டைப் பிரித்ததும் சிக்கு வாடை அடித்தால் திருப்பிக் கொடுங்கள்.

சைனா ஜெர்க்கி தின்னு நாய்ங்க செத்துச்சுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே, நிஜமா?

வாட்ஸ்அப்பில் வருவதில் இது உண்மையின் பக்கம் இருக்கிற ஒன்று. அமெரிக்காவில் 2007 முதல் இந்தப் புகார் வர ஆரம்பித்தது. கோழி, வாத்து, சர்க்கரைவள்ளி ஜெர்க்கி தின்ற நாய்களுக்கு வாந்தி, பேதி, சிறுநீரகக் கோளாறு. 2015 முடிவு வரை அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்துக்கு வந்த புகார்கள் சுமார் 5,200. அவற்றில் 6,200க்கும் மேற்பட்ட நாய்கள் பாதிக்கப்பட்டிருந்தன, 1,140க்கும் மேல் செத்துப்போயின. நிறையப் புகார்கள் சீனாவிலிருந்து இறக்குமதியான சரக்கைப் பற்றியவை.

வாட்ஸ்அப் சொல்லாதது ஒன்று உண்டு. வருஷக்கணக்கில் சோதித்தும் இந்தப் பொருள்தான் காரணம் என்று அவர்களால் உறுதியாகக் கை காட்ட முடியவில்லை. 2013இல் சில சரக்கில் அனுமதியில்லாத ஆன்டிபயாட்டிக் எச்சம் தென்பட்டு, கடைகளிலிருந்து அவை திரும்பப் பெறப்பட்டன. ஆனால் அத்தனை சாவுக்கும் அதுவே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் எங்கிருந்து வந்தது என்றே தெரியாத சரக்கை விட, கண்ணெதிரே வெட்டி வாங்கிய கறி மேல் என்கிறேன்.

வீட்ல செய்யறதுன்னா எந்தக் கறி வாங்கணும்? கடையில என்னன்னு கேக்கணும்?

பிராய்லர் மார்புக்கறி சுலபம். 'தோல் இல்லாம, எலும்பு இல்லாம பிரெஸ்ட் பீஸ்' என்றால் எந்தக் கடையிலும் புரியும். மாட்டுக்கறி என்றால் தொடைப்பக்கம், ஜவ்வும் கொழுப்பும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் இருப்பவர்களுக்கு இது சல்லிசாகவும் நல்லதாகவும் கிடைக்கும். ஆட்டுக்கறியில் செய்யலாம், ஆனால் கொழுப்பை எடுத்து எடுத்து கடைசியில் பாதிதான் மிஞ்சும், விலைக்குக் கட்டாது. நாட்டுக்கோழி தேவையே இல்லை. அதைக் குழம்பு வையுங்கள்.

கொழுப்பை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கறி காயும், கொழுப்பு காயாது. சில நாளில் சிக்கு வாடை வரும். கொழுப்பு அதிகமான தீனி சில நாய்களுக்குக் கணைய அழற்சியையும் கொண்டுவரும்.

செய்முறையைச் சொல்லுங்க அக்கா, எங்ககிட்ட ஓடிஜி-தான் இருக்கு.

ஓடிஜி (அவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின் அடுப்பு) போதும். கறியைக் கழுவித் துடைத்து, ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் போல வையுங்கள். கல்லாக உறையக் கூடாது. விரலால் அழுத்தினால் மேலே விறைப்பாகவும் உள்ளே கொஞ்சம் இளக்கமாகவும் இருக்கிற பதத்தில் எடுத்தால், கத்தி வழுக்காமல் ஒரே சீராக இறங்கும். அரை சென்டிமீட்டர் தடிமன். நார் போகிற வாக்கில் நறுக்கினால் இழுத்துக் கடிக்கிற மாதிரி வரும், நாருக்குக் குறுக்கே நறுக்கினால் மொறுமொறுவென்று உடையும். பல் ஆடுகிற கிழட்டு நாய்க்குக் குறுக்கே நறுக்கியதுதான் சரி.

இனி வருவதுதான் முக்கியமான படி. நிறைய பேர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். காய வைப்பதற்கு முன் கறியை வேக வைத்துவிட வேண்டும். கோழிக்கறியின் உள்சூடு 74 டிகிரியும் மாட்டுக்கறி 71 டிகிரியும் தொட்டால்தான் சால்மொனெல்லா, ஈகோலை மாதிரி கிருமிகள் சாகும். பச்சையாக அடுப்பில் வைத்துக் குறைந்த சூட்டில் காய வைத்தால், ஈரம் ஆவியாகும்போது கறி குளிர்ந்தே இருக்கும், உள்ளே அந்தச் சூடு ஏறாது. கொஞ்சம் காய்ந்த பிறகு கிருமி இன்னும் சூடு தாங்கும், அப்புறம் அதைக் கொல்வது கஷ்டம். தெர்மாமீட்டர் இல்லையா? இட்லிப் பானை இருக்கிறதே. துணி போடாமல் தட்டில் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, ஆவி நன்றாக வந்த பிறகு பத்து நிமிஷம். ஒன்றைக் கிழித்துப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பு துளியும் இருக்கக் கூடாது. கீழே இறங்கின சாறு வீண் இல்லை, ராத்திரிச் சோற்றில் ஊற்றுங்கள்.

அப்புறம் கம்பித் தட்டில் பரப்பி, ஓடிஜியில் எவ்வளவு குறைந்த சூடு வைக்க முடியுமோ அவ்வளவு. பல ஓடிஜியில் அது 100 டிகிரிக்குப் பக்கம்தான் இருக்கும், பரவாயில்லை. கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி ஈரம் வெளியேற வழி விடுங்கள். இரண்டிலிருந்து மூன்று மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். டீஹைட்ரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு 65 டிகிரியில் ஆறு முதல் பத்து மணி நேரம். மைக்ரோவேவ் மட்டும் வேண்டாம், ஓரம் கருகும், நடுவில் ஈரம் நிற்கும்.

காய்ந்ததும் சூடாக இருக்கும்போது பதம் தெரியாது. ஒரு பட்டையை வெளியே எடுத்து ஆற வைத்து மெதுவாக வளையுங்கள். வளைகிற இடத்தில் நார் வெளுத்து விரிசல் விட வேண்டும், ஆனால் இரண்டாக முறியக் கூடாது. விரிசலில் ஈரம் மினுங்கினால் இன்னும் அரை மணி நேரம்.

வேலூர் வெயிலுக்கு மாடியில காய வெச்சா இன்னா ஆயிடும்? வத்தலே ஒரே நாள்ல காயுது!

வத்தல் வேறு, கறி வேறு. அக்னி நட்சத்திரத்தில் நம்மூரில் 40 டிகிரி தாண்டும், நமக்கு அது நெருப்பு. கிருமிக்கு அது விருந்து. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் அவை பெருகும். ஈ, காக்கா, எறும்பு, ரோட்டுப் புழுதி எல்லாம் தனி.

பாட்டி காய வைத்தார்களே என்றால், பாட்டி உப்பும் மஞ்சளும் அப்பித்தான் காய வைத்தார்கள். பிறகு எண்ணெயில் பொரித்துத்தான் தட்டில் வைத்தார்கள். காக்கிற உப்பும் இருந்தது, கடைசியில் கொல்கிற சூடும் இருந்தது. நாய்க்கான ஜெர்க்கியைப் பச்சையாக மாடியில் காய வைத்தால் இரண்டும் கிடையாது.

பாதியில கரண்ட் போயிடுச்சு. தூக்கிப் போடணுமா?

வேக வைத்துத்தான் காயப் போட்டீர்கள் என்றால் பயம் குறைவு. கதவை மூடி வையுங்கள். சமைத்த கறியை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது என்பது விதி. வெளிச்சூடு 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம்தான், நம்மூரில் வருஷத்தில் பாதி நாள் இந்தக் கணக்குத்தான். அதற்குள் கரண்ட் வந்தால் தொடருங்கள். வராது போலிருந்தால் ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்து, வந்த பிறகு மறுபடி ஆரம்பியுங்கள். ஃப்ரிட்ஜும் சூடாகிற அளவுக்கு நீண்ட கட் என்றால், காய வைப்பதை மறந்துவிட்டு வெந்த கறியாகவே உடனே சோற்றில் போட்டுவிடுங்கள். அன்றைக்கான அளவைக் கொஞ்சம் தாண்டினாலும் பரவாயில்லை.

பச்சையாகக் காயப் போட்டு நடுவில் நின்றுவிட்டதா? தூக்கிப் போடுங்கள்.

எவ்வளவு நாள் வரும்? கடைப் பாக்கெட் வருஷக்கணக்குல வருதே!

கடைச்சரக்கில் பதப்படுத்தும் பொருள் இருக்கும், காற்றுப் புகாத பாக்கெட் இருக்கும். நம்முடையதில் உப்புக்கூட இல்லை. ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம், ஃப்ரீசரில் இரண்டு மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க ஆறின பிறகுதான் டப்பாவை மூட வேண்டும், இல்லையென்றால் மூடியில் நீர் கோர்த்து அதுவே கெடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே வைத்த ஜெர்க்கி காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொண்டு நமத்துவிடும். மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்புப் பூத்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். நாம் உப்பே போடவில்லை, அது பூஞ்சைதான். மொத்த டப்பாவையும் கொட்டுங்கள்.

நாங்க சைவம். வீட்டுக்குள்ள கறி கொண்டுவர முடியாது, ஆனா நாய் கேக்குதே.

சர்க்கரைவள்ளிக்கிழங்கு இருக்கிறது. அதே அரை சென்டிமீட்டர், ஆவியில் பாதி வேக வைத்து, அதே மாதிரி காய வைக்கலாம். நார்ச்சத்து நல்லது, மாவுச்சத்து அதிகம், அதனால் அளவு அதேதான். கேரட்டைப் பச்சையாகவே கொடுக்கலாம், பல நாய்கள் கடித்து விளையாடும். திராட்சையும் உலர் திராட்சையும் கூடாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். உலர் பழம் உள்ளே வைத்த மக்கன் பேடாவை ஆற்காட்டுச் சொந்தக்காரர் கொண்டுவந்தால் நாய்க்கு எட்டாத அலமாரியில் வையுங்கள்.

ஈரல்ல செஞ்சா நாய் பைத்தியமா சுத்துது. தினமும் கொடுக்கலாமா?

வேண்டாம். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், காய்ந்தால் இன்னும் செறிவாகும். அந்த வைட்டமின் உடம்பில் தங்கும், மாதக்கணக்கில் சேர்ந்தால் எலும்பையே பாதிக்கும். பயிற்சிக்குப் பட்டாணி அளவில் வாரத்தில் ஓரிரு நாள் போதும். உட்கார், நில் என்று சொல்லிக் கொடுக்கும்போது அந்த வாசனைக்கு இணை வேறில்லை என்பது உண்மைதான்.

ஆம்பூர்ல எங்க மாமா டேனரியில இருக்கார். தோல் துண்டு கொண்டுவரேன்றார். கடையில விக்கிற வெள்ளை எலும்பும் தோல்தானே?

இது நம் பக்கத்துக்கே உரிய கேள்வி. ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை யாராவது ஒரு மாமா டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில் இருப்பார்.

கடையில் முடிச்சுப் போட்டு விற்கிற வெள்ளை எலும்பு, பதனிடாத தோல். சுண்ணாம்பிலும் சல்பைடிலும் ஊற வைத்து முடி நீக்கி, தோலை இரண்டாகப் பிளந்து, உள்பக்கத்துப் பிளவைக் கழுவி, பெரும்பாலும் பெராக்சைடால் வெளுத்துக் காய வைப்பது. அது ஜெர்க்கி இல்லை, கறியே இல்லை. மென்று மென்று ஊறின துண்டை நாய் அப்படியே விழுங்கினால் வயிற்றில் சீக்கிரம் கரையாது, குடலை அடைத்து ஆபரேஷன் வரை போகும். நான் வாங்குவதில்லை. வாங்குகிறவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, சின்னதாகும்போது பிடுங்கிவிடுங்கள்.

மாமா கொண்டுவருவது அதுகூட இல்லை. நீலம் பாய்ந்த வெட் புளூ துண்டு என்றால் அது குரோமிய உப்பில் பதனிட்டது. ஷூ கம்பெனி வெட்டுத்துண்டு என்றால் மேலே சாயமும் பூச்சும் உண்டு. ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்டதுதானே, இயற்கைதானே என்பார். இயற்கைதான், ஆனால் தோல் தோலாகவே நிற்பதற்காகச் செய்தது, வயிற்றில் செரிப்பதற்காக இல்லை. மாமாவிடம் செருப்பு கேளுங்கள்.

பிரியாணிக் கடையில எலும்பு சும்மா தர்றாங்க, அது?

வேண்டாம். வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடையும். மசாலாவில் வெங்காயமும் பூண்டும் இருக்கிறது, இரண்டாவது பதிலைப் பாருங்கள்.

கறிக்கடையில தொண்டைக்குழாய் மலிவா கிடைக்குது. காய வெச்சு கொடுக்கலாம்னு சொல்றாங்களே?

குருத்தெலும்பு நல்ல தீனிதான். சிக்கல் அதை ஒட்டியிருக்கும் தைராய்டு சுரப்பியில். அதோடு சேர்த்துத் தின்றால் அதிலுள்ள ஹார்மோன் நாயின் உடம்பில் ஏறும். எடை குறையும், ஓயாமல் தண்ணீர் குடிக்கும், நிலைகொள்ளாமல் அலையும். 2017இல் அமெரிக்காவில் சில மாட்டிறைச்சித் தீனிகளை இதற்காகவே திரும்பப் பெற்றார்கள். வேக வைப்பதோ காய வைப்பதோ அந்த ஹார்மோனைப் போக்காது. குரல்வளைக்குக் கீழே குழாயின் இருபக்கமும் ஒட்டியிருக்கிற கருஞ்சிவப்புச் சதையை உங்கள் கசாப்புக்காரர் சுத்தமாக எடுத்துத் தருவார் என்றால் வாங்குங்கள். எது என்று அவருக்கே தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

குட்டிக்கும் வயசான நாய்க்கும் கொடுக்கலாமா?

பால்குடி மறக்காத குட்டிக்கு வேண்டாம். மூன்று நான்கு மாதம் ஆனபின் நகத்தளவு பிய்த்துக் கொடுக்கலாம். வயதான நாய்க்கு வெந்நீரில் ஊற வைத்துக் கொடுங்கள். கிட்னி பிரச்சினை உள்ள நாய்க்கு டாக்டர் சரி என்று சொல்லாமல் தரக் கூடாது, ஜெர்க்கி முழுக்கப் புரதமும் பாஸ்பரசும்தான். ஒரு தடவை கணைய அழற்சி வந்த நாய்க்கும் அப்படியே.

எங்க ராஜபாளையம் மெல்லாம அப்படியே முழுங்கிடுது.

அதற்கு இரண்டே வழி. ஒன்று, பட்டாணி அளவுக்கு நறுக்கிவிடுங்கள், விழுங்கினாலும் பரவாயில்லை. இல்லையென்றால் வாயைவிட நீளமான பட்டையாகச் செய்து ஒரு முனையை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள், கடித்துத்தான் ஆக வேண்டும். நடுத்தர அளவுதான் தொண்டையில் சிக்கும். இரண்டு நாய் இருந்தால் தனித்தனி இடத்தில் கொடுங்கள், போட்டியில்தான் விழுங்குவது அதிகம்.

கடை ஜெர்க்கி கொடுத்துட்டு இருந்தோம். இப்போ குடம் குடமா தண்ணி குடிக்குது, மூத்திரத்துல சுகர் இருக்குன்னாங்க. சர்க்கரை வியாதியா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 'ரத்தத்தில் சுகர் எவ்வளவு?' என்று டாக்டரிடம் கேளுங்கள். ரத்தத்திலும் கூடுதல் என்றால் சர்க்கரை வியாதிப் பக்கம் போகிறது. ரத்தத்தில் சரியாக இருந்து மூத்திரத்தில் மட்டும் இருந்தால், சிறுநீரகக் குழல்கள் சர்க்கரையைத் திரும்ப இழுக்க முடியாமல் விடுகின்றன என்று அர்த்தம். ஃபான்கோனி என்று பெயர். மேலே சொன்ன அமெரிக்கப் புகார்களில் சிறுநீரகம் கெட்ட சில நாய்களுக்கு இருந்தது இதுதான். இதைச் சர்க்கரை வியாதி என்று நினைத்து இன்சுலின் போட்டால் ஆபத்து.

எந்த ஜெர்க்கியாக இருந்தாலும் இன்றைக்கே நிறுத்துங்கள், வீட்டில் செய்ததையும் சேர்த்து. பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல், மிச்சமிருக்கிற துண்டுகளோடு டாக்டரிடம் கொண்டுபோங்கள். எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதையும் எழுதி எடுத்துப் போங்கள். தீனியை நிறுத்தி சிகிச்சை கொடுத்ததில் பல நாய்கள் தேறியிருக்கின்றன. சிலவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும், அதுவரை ரத்தமும் மூத்திரமும் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டியிருக்கும். தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதீர்கள், கேட்கிற அளவு வையுங்கள்.